சர்வர் மாத்தின பிறகு ஆபீஸ்ல ஒரு சிஸ்டமும் லாகின் ஆகல, ஃபார்மேட் பண்ணாம வழி இருக்குதுங்களா?

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு சின்ன கார்மென்ட்ஸ் எக்ஸ்போர்ட் ஆபீஸ், பர்ச்சேஸ் பாக்கறதோட சிஸ்டம் வேலையும் எங்கிட்டத்தான். 14 டெஸ்க்டாப், ரெண்டு லேப்டாப். பழைய சர்வர்ல எஸ்பிஎஸ் 2011 (சின்ன ஆபீஸுக்குன்னு மைக்ரோசாஃப்ட் விட்ட சர்வர் விண்டோஸ்) ஓடுச்சு, இப்ப போர்டு சூடாகி அதுவா ஆஃப் ஆயிருது, அதனால புது சர்வர் வாங்கினோம். வெண்டர் ஆள் ராத்திரியோட ராத்திரியா விண்டோஸ் சர்வர் 2022 போட்டு, அதே சர்வர் பேரு, அதே டொமைன் (எல்லா சிஸ்டத்தோட லாகினையும் சர்வர் ஒண்ணா பாத்துக்கற அமைப்பு) பேரு, அதே ஐபி 192.168.1.10, யூசர் பேரும் பழைய மாதிரியே கிரியேட் பண்ணி, டேட்டாவும் காப்பி பண்ணி வெச்சுட்டு, காலைல ஆன் பண்ணுங்க எல்லாம் தானா சேர்ந்துக்கும்னு சொல்லீட்டுப் போயிட்டாரு. காலைல எந்த டெஸ்க்டாப்ல பாஸ்வேர்டு போட்டாலும், இந்த வொர்க்ஸ்டேஷனுக்கும் டொமைனுக்கும் நடுவுல டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்னு ஒரே மெசேஜ். அவருக்கு ஃபோன் போட்டா எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிடலாம்ங்கறாரு. மெர்ச்சண்டைசருங்க வருஷக்கணக்கா சேத்து வெச்ச டெக்பேக் (டிசைன் விவரம்), காஸ்டிங் ஷீட், பையர் மெயில் எல்லாம் அதுலதான் இருக்குது. வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் டாக்குமென்ட் வேற போகணும். ஃபார்மேட் இல்லாம வழி இருந்தா சொல்லுங்க.

கிரீன்கேபிள்:
ப்ரோ சிம்பிள். லோக்கல் அட்மின்ல (சிஸ்டத்துக்குள்ளயே இருக்கற அட்மின் அக்கவுண்ட்) உள்ள போங்க, டொமைன்ல இருந்து வெளிய எடுத்து வொர்க்குரூப்ல (டொமைன் இல்லாத தனி நிலை) போடுங்க, ரீஸ்டார்ட், திரும்ப டொமைன்ல சேருங்க. ஒரு சிஸ்டத்துக்கு பத்து நிமிஷம் ஆகும், அவ்ளோதான்.

ரேக்சர்வர்:
நொய்யல்கரை தம்பி, மேல சொன்னதை இப்ப பண்ணிடாதீங்க. வழி தப்பு இல்ல, கடைசியில அதைத்தான் பண்ணப் போறோம், ஆனா அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நிறைய இருக்கு, பார்க்காம வெளிய எடுத்தா உங்க மெர்ச்சண்டைசர் ஃபைலுக்கே ஆபத்து.

முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். பேரு ஒண்ணா இருக்கறதால அது பழைய டொமைன் ஆயிடாது. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தாலும் ஆதார் நம்பர் வேற வேறதானே. ஒவ்வொரு டொமைனுக்கும் உருவாகும்போதே எஸ்ஐடின்னு ஒரு நம்பர் விழுந்துடும், யூசருக்கும் கம்ப்யூட்டருக்கும் அந்த நம்பரை வெச்சுதான் அடையாளம், விண்டோஸ் பேரைப் பார்க்கறதே இல்ல. உங்க சிஸ்டம் எல்லாம் பழைய நம்பரைப் பிடிச்சுட்டு நிக்குது, புது சர்வருக்கு அதுங்க யாருன்னே தெரியாது. வெண்டர் பழைய சர்வர் உயிரோட இருக்கும்போதே புதுசை அதே டொமைன்ல இன்னொரு டொமைன் கன்ட்ரோலரா, அதாவது லாகினை சரிபார்க்கற சர்வரா சேர்த்து, ரோல் எல்லாம் மாத்திட்டு, அப்புறம் பழசை எடுத்திருந்தா ஒரு சிஸ்டத்தைக்கூட தொட வேண்டியிருந்திருக்காது.

இதுக்கு பதில் சொல்லுங்க. ஒவ்வொரு சிஸ்டத்துலயும் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு தெரியுமா? யூசரோட மை டாக்குமென்ட்ஸ் சி டிரைவ்ல இருந்துச்சா, இல்ல சர்வருக்கு ரீடைரக்ட் ஆகியிருந்துச்சா? பழைய சர்வர் இப்பவும் ஆன் ஆகுமா? ஒரு சிஸ்டத்துல கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் ஆல் போட்டா டிஎன்எஸ் சர்வர்னு (பேரைக் கேட்டா ஐபி சொல்றது) என்ன காட்டுது?

மவுண்ட்ரோடு:
பாஸ், பவர்ஷெல்ல டெஸ்ட் கம்ப்யூட்டர் செக்யூர் சேனல் ரிப்பேர் கமாண்ட் இருக்கே, டிரஸ்ட் எரருக்கு நான் எப்பவும் அதைத்தான் போடுவேன், ரீஜாயினே வேண்டாம்.

ரேக்சர்வர்:
மவுண்ட்ரோடு, அது அருமையான கமாண்ட், நானும் போடறதுதான். ஆனா அது அதே டொமைன் இருந்து, கம்ப்யூட்டர் அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டு மட்டும் ஒத்துப்போகாத கேஸுக்கு. சிஸ்டம் தன்னோட பாஸ்வேர்டை 30 நாளைக்கு ஒரு தடவை தானா மாத்திக்கும், பழைய பேக்கப்பையோ ஸ்நாப்ஷாட்டையோ ரீஸ்டோர் பண்ணும்போது அது இடிக்கும், அப்ப ரிப்பேர் போட்டா சரியாயிடும். இங்க டொமைனே வேற, ரிப்பேர் பண்ண எதுவும் இல்ல.

நொய்யல்கரை:
அண்ணா, லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு நாலஞ்சு சிஸ்டத்துக்குத்தான் தெரியுங்க, மத்ததுல அந்த அக்கவுண்ட்டே டிசேபிள் ஆகியிருக்குதுன்னு நெனைக்கறேன். மை டாக்குமென்ட்ஸ் சர்வர்லதாங்க இருந்துச்சு, பழைய சர்வர்ல ரீடைரக்டட் ஃபோல்டர்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒண்ணு. பழைய சர்வர் ஆன் ஆகுது, ஆனா கொஞ்ச நேரத்துல சூடாகி ஆஃப் ஆயிருது. டிஎன்எஸ் 8.8.8.8னு காட்டுது.

ரேக்சர்வர்:
நினைச்சேன். எஸ்பிஎஸ் இருந்தவரைக்கும் அதுவே டிஹெச்சிபி (சிஸ்டத்துக்கு ஐபி தானா குடுக்கற வேலை) பார்த்துட்டு இருந்திருக்கும். அது போனதும் யாரோ ரவுட்டர்ல டிஹெச்சிபியை ஆன் பண்ணி நெட் வர்றதுக்காக கூகுளோட டிஎன்எஸ் 8.8.8.8 போட்டிருக்காங்க. நெட் வரும், ஆனா டொமைன் கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு கூகுளுக்கு எப்படித் தெரியும்? சேர்க்கப் போகும்போது அடுத்த எரர் அதுதான் வரும், அதை அப்புறம் பார்ப்போம்.

இப்ப முக்கியமானது டாக்குமென்ட்ஸ். ரீடைரக்ட் ஆன ஃபோல்டருக்கு விண்டோஸ் சிஸ்டத்துக்குள்ளயே ஒரு ஆஃப்லைன் காப்பி வெச்சிருக்கும், சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஎஸ்சின்னு ஒரு இடம். பழைய சர்வர் அடிக்கடி ஆஃப் ஆயிட்டு இருந்திருக்கு, அப்ப கடைசியா சேவ் பண்ணின ஃபைல் சர்வருக்குப் போகாம அந்த கேஷ்ல மட்டுமே நிக்க நிறைய வாய்ப்பு இருக்கு. வெண்டர் காப்பி பண்ணினது சர்வர்ல இருந்ததை மட்டும்தான். இந்த நிலைமையில சிஸ்டத்தை டொமைன்ல இருந்து கழட்டிட்டா அந்த யூசரா திரும்ப உள்ள போக முடியாது, கேஷ்ல இருக்கறதை அப்புறம் தோண்டி எடுக்கறது பெரிய பாடு.

அதனால ஒவ்வொரு சிஸ்டத்துலயும் இப்படிப் பண்ணுங்க. நெட்வொர்க் கேபிளை பின்னாடி கழட்டுங்க, லேப்டாப்னா வைஃபையையும் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் யூசரை அவங்க பழைய பாஸ்வேர்டு போடச் சொல்லுங்க. சர்வர் கண்ணுல படாததால விண்டோஸ் தன்கிட்ட சேவ் ஆகியிருக்கற லாகினை வெச்சு உள்ள விட்டுடும், கடைசியா அந்த சிஸ்டத்துல நுழைஞ்ச 10 பேரோட லாகினை அது ஞாபகம் வெச்சிருக்கும். உள்ள போனதும் மை டாக்குமென்ட்ஸ் திறந்து, இருக்கறதை எல்லாம் டி டிரைவுக்கோ எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கோ காப்பி பண்ணுங்க. முடியற வரைக்கும் கேபிளைச் சொருகவே கூடாது. புது சர்வருக்கும் அதே பேரு, அதே ஷேர் பேருன்னா கேபிள் பட்ட உடனே இது பழைய இடம்னு நினைச்சு சிங்க் பண்ணப் பார்க்கும், பர்மிஷன் இடிக்கும், எந்த ஃபைல் புதுசு எது பழசுன்னு குழம்பிடும்.

வைகைக்கரை:
ரேக்சர்வர் அண்ணே சொல்றது அம்புட்டும் உண்மை, இங்க மதுரையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கேபிள் சொருகினபடியே டொமைன்ல இருந்து கழட்டி மாட்டி ஒரு கிளார்க்கோட ஒரு வாரத்து வேலை காணாமப் போச்சுண்ணே, அவங்க திரும்ப உக்காந்து டைப் பண்ணாங்க. இன்னொண்ணு, யூசரோட உள்ள போன கையோட அவரு அந்த சிஸ்டத்துக்கு அட்மினா இருக்காரான்னு பாருங்க. எஸ்பிஎஸ்ல பெரும்பாலும் அப்படித்தான் வெச்சிருப்பாங்க. இருந்தா அங்கேயே லோக்கல் அட்மினை எனேபிள் பண்ணி புது பாஸ்வேர்டு வெச்சு எழுதி வச்சுக்கிருங்க. அது இல்லாம டொமைனை விட்டு வெளிய வந்தா உள்ள நுழையவே வழி இல்லாமப் போயிரும்.

கிரீன்கேபிள்:
சரி இது எனக்கும் யூஸ்ஃபுல். ஆனா எஸ்பிஎஸ் 2011ல பிரவுசர்ல கனெக்ட்னு அடிச்சா ஒரு பேஜ் வரும்ல, அதுவே சிஸ்டத்தை சேர்த்து, யூசரோட பழைய ப்ரொஃபைலையும் (டெஸ்க்டாப், செட்டிங் எல்லாம்) எடுத்து மாட்டிக் குடுக்குமே. புது சர்வர்ல அது இல்லையா?

ரேக்சர்வர்:
இல்லப்பா. எஸ்பிஎஸ் 2003ல கனெக்ட்கம்ப்யூட்டர், 2008லயும் 2011லயும் கனெக்ட், அப்புறம் எசென்ஷியல்ஸ் எடிஷன்ல கனெக்டர்னு வந்துச்சு, சர்வர் 2016 எசென்ஷியல்ஸோட அந்த டேஷ்போர்டு வழி முடிஞ்சுபோச்சு. 2019ல இருந்து எல்லாம் கையாலதான். சின்ன ஆபீஸுக்கு அது எவ்வளவு பெரிய உதவியா இருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது, எனக்கு அதை எடுத்ததுல இன்னிக்கும் வருத்தம்தான். ஒரு எச்சரிக்கை, யாராவது எசென்ஷியல்ஸ்ல இருந்து மாறுறீங்கன்னா முதல்ல சிஸ்டத்துல அந்த கனெக்டரை அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அது டிஎன்எஸ்ஸை பழைய சர்வர் ஐபிக்கே மாத்தி மாத்தி வெச்சுட்டு இருக்கும்.

மவுண்ட்ரோடு:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பழைய சர்வர்தான் இன்னும் உயிரோட இருக்கே, புது சர்வரை ஃபார்மேட் பண்ணிட்டு முறையா மைக்ரேஷன் பண்ணலாமே, 16 சிஸ்டத்தை தொடறதுக்கு ஒரு சர்வரை தொடறது மேல் இல்லையா?

ரேக்சர்வர்:
நல்ல கேள்வி, பழசு நிலையா ஓடினா நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா சர்வர் 2019ல இருந்து வந்தது எதுவும், பழைய எஃப்ஆர்எஸ் முறையில சிஸ்வால் (டொமைன் செட்டிங் இருக்கற ஃபோல்டர்) காப்பி ஆகற டொமைன்ல டொமைன் கன்ட்ரோலரா சேராது. 2003ல இருந்து படிப்படியா மேல வந்த டொமைன்னா இன்னும் எஃப்ஆர்எஸ்தான் ஓடிட்டு இருக்கும், அதை முதல்ல டிஎஃப்எஸ்ஆர்ங்கற புது முறைக்கு மாத்தணும். அந்த வேலை நடுவுல சர்வர் சூடாகி நின்னா டொமைனே உடைஞ்சிடும். ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாத்திப் பார்க்கலாம், அல்லது பேக்கப்பை விர்ச்சுவல் மெஷினா ஏத்தி அதுல இருந்து பண்ணலாம், நேரம் இருந்தா அது அழகான வழி. இவங்களுக்கு வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். தம்பிதான் முடிவு பண்ணணும்.

நொய்யல்கரை:
அண்ணா, பழைய சர்வரை நம்பி இறங்க தைரியம் வரலைங்க, முதலாளியும் வேண்டாம்னுட்டாரு. ஒவ்வொரு சிஸ்டமாவே பண்ணிக்கறோம். கேபிளைக் கழட்டி லாகின் பண்ணா எல்லாருமே உள்ள போறாங்க, டெஸ்க்டாப்ல பழைய ஐகான் எல்லாம் அப்படியே வந்ததைப் பாத்ததும் அந்த மெர்ச்சண்டைசர் அக்கா முகத்துலதான் உயிரே வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு பேர் ஃபோல்டர்ல சர்வர்ல இல்லாத காஸ்டிங் ஷீட் கேஷ்ல இருந்துச்சுங்க. எல்லாத்தையும் டிஸ்க்குல எடுத்தாச்சு. மெயில் பாப்லதான் (மெயிலை சிஸ்டத்துக்கே இறக்கிக்கற முறை) வருது, பிஎஸ்டி (அவுட்லுக் மெயில் எல்லாம் இருக்கற ஃபைல்) எங்க இருக்குதுன்னு தெரியல.

ரேக்சர்வர்:
ரொம்ப சந்தோஷம். பாப் அக்கவுண்ட்னா பிஎஸ்டி மை டாக்குமென்ட்ஸுக்குள்ள அவுட்லுக் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல இருக்கும், அதாவது அதுவும் ரீடைரக்ட் ஆகி சர்வருக்குப் போயிருக்கும். கேஷ்ல முழுசா இருக்கும்னு நம்பாதீங்க, சர்வர் காப்பியில இருக்கற பிஎஸ்டியை எடுத்து சைஸ் பாருங்க, திறந்து கடைசி மெயில் தேதி பாருங்க. இனிமே பிஎஸ்டியை நெட்வொர்க் ஷேர்ல வெக்கவே வேண்டாம், சி டிரைவ்ல வெச்சு தினம் ஒரு பேக்கப் எடுங்க.

இனி சேர்க்கற வேலை. முக்கியம் கம்மியா இருக்கற ஒரு சிஸ்டத்தை எடுங்க, அதை முழுசா முடிச்சு யூசர் ஒரு மணி நேரம் வேலை பார்த்த பிறகு அடுத்ததுக்குப் போங்க. ரவுட்டர்ல டிஹெச்சிபியை ஆஃப் பண்ணிட்டு சர்வர்ல ஆன் பண்ணுங்க, டிஎன்எஸ்னு 192.168.1.10 மட்டும் போகணும். நெட்டுக்கு சர்வரோட டிஎன்எஸ்ல ஃபார்வர்டர் (தனக்குத் தெரியாத பேரை வெளிய கேக்கற செட்டிங்) இருக்கு, 8.8.8.8ஐ அங்க குடுங்க.

கிரீன்கேபிள்:
சிஸ்டத்துல செகண்டரி டிஎன்எஸ்ஸா 8.8.8.8 போட்டா சர்வர் டவுன் ஆனாலும் நெட் ஓடுமே ப்ரோ?

ரேக்சர்வர்:
ஓடும், ஆனா சர்வர் ஒரு செகண்ட் பதில் சொல்ல லேட் ஆனாலும் விண்டோஸ் செகண்டரிக்குத் தாவிடும், தாவினா உடனே திரும்பி வராது. அப்புறம் லாகின் ஸ்லோ, டிரைவ் வரல, பிரின்டர் வரலன்னு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர் கூப்பிடுவாங்க, காரணமே பிடிபடாது. சின்ன ஆபீஸ்கள்ல நான் பார்த்த டொமைன் பிரச்சனையில பாதிக்கு மேல இந்த ஒரு செட்டிங்தான்.

அடுத்தது ப்ரொஃபைல். டொமைன்ல சேர்ந்ததும் யூசர் லாகின் பண்ணினா புது எஸ்ஐடி, அதனால புது ப்ரொஃபைல், வெறும் டெஸ்க்டாப் வரும், பழசு சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டர்ல பத்திரமா இருக்கும். அதை எக்ஸ்ப்ளோரர்ல காப்பி பேஸ்ட் பண்ணி புதுசுக்குள்ள கொட்டாதீங்க, புரோகிராம் செட்டிங் இருக்கற ஆப்டேட்டாவும் ரெஜிஸ்ட்ரியும் சேராம பாதி வேலை செய்யும் பாதி செய்யாது. ஃபோரன்சிட் யூசர் ப்ரொஃபைல் விசார்ட்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீ எடிஷனும் உண்டு, பழைய ப்ரொஃபைலையே புது யூசருக்கு உரிமை மாத்திக் குடுத்துடும், டெஸ்க்டாப், அவுட்லுக் செட்டிங், வால்பேப்பர் வரைக்கும் அப்படியே இருக்கும். ஆனா குரோம்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டு வராது. அதனால கேபிள் இல்லாம உள்ள இருக்கும்போதே குரோம்ல எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கோங்க, ஜிஎஸ்டி, பேங்க், கஸ்டம்ஸ் சைட் பாஸ்வேர்டு எல்லாம் அதுலதான் பல பேர் வெச்சிருப்பாங்க. இம்போர்ட் ஆனதும் அந்த ஃபைலை அழிச்சிடுங்க.

டொமைன் பேரு ரெண்டும் ஒண்ணுங்கறதால நேரா மாத்த விடாது, முதல்ல வொர்க்குரூப், ரீஸ்டார்ட், அப்புறம் டொமைன்.

நொய்யல்கரை:
முதல் சிஸ்டம் முடிஞ்சுதுங்க அண்ணா! டிஸ்பாட்ச் கிளார்க் சிஸ்டம். ப்ரொஃபைல் அப்படியே வந்திருச்சு. ஆனா இசட் டிரைவ் (சர்வர் ஃபோல்டர்) திறந்தா பாஸ்வேர்டு கேட்டுட்டே இருக்குது, கரெக்ட்டா போட்டாலும் எடுக்கல. ரெண்டாவது, கட்டிங் செக்ஷன் சிஸ்டம், டொமைன்ல சேரவே மாட்டேங்குது, டிஎன்எஸ் எல்லாம் சரியாத்தான் இருக்குது.

வைகைக்கரை:
இசட் டிரைவுக்கு கன்ட்ரோல் பேனல்ல கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து பாருங்கண்ணே, பழைய சர்வர் பேர்ல ஒரு பாஸ்வேர்டு உக்காந்திருக்கும், அதைத் தூக்குங்க. அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்ல நெட் யூஸ் போட்டு பழைய கனெக்ஷனை எல்லாம் டெலீட் பண்ணிட்டு புதுசா மேப் பண்ணுங்க. கட்டிங் சிஸ்டத்துல கீழ மூலையில டேட், டைம் என்ன காட்டுது?

நொய்யல்கரை:
டிரைவ் வந்திருச்சுங்க. கட்டிங் சிஸ்டத்துல தேதி 2009ஆம் வருஷம் காட்டுதுங்க!

வைகைக்கரை:
அதான். போர்டுல இருக்கற அந்த ரவுண்டு பேட்டரி செத்துருச்சு. டொமைன்ல நேரம் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசப்பட்டாலே கெர்பரோஸ்ங்கற லாகின் முறை உள்ள விடாது, இங்க வருஷக்கணக்குல இருக்கு. சிஆர் 2032னு கேட்டா எந்தக் கடையிலயும் குடுப்பாங்க, மாத்திட்டு டைம் செட் பண்ணிட்டு சேருங்க. இனிமே சேரலன்னா சி டிரைவ், விண்டோஸ், டீபக் ஃபோல்டர்ல நெட்செட்டப்னு ஒரு லாக் ஃபைல் இருக்கும், கடைசி பத்து வரியைப் படிச்சாலே காரணம் தெரிஞ்சுரும்.

மவுண்ட்ரோடு:
இதுல ஒண்ணு சேர்த்துக்கறேன், பிற்காலத்துல தேடி வர்றவங்களுக்கு. அதே பேர்ல கம்ப்யூட்டர் அக்கவுண்ட் ஏற்கனவே சர்வர்ல இருந்து, அதை கிரியேட் பண்ணினவர் வேற ஆளா இருந்தா 2732னு எரர் வந்து சேர விடாது, 2022 அக்டோபர் அப்டேட்ல வந்த செக்யூரிட்டி மாற்றம் அது. பழைய கம்ப்யூட்டர் அக்கவுண்ட்டை சர்வர்ல டெலீட் பண்ணிட்டு சேர்த்தா போயிடும்.

நொய்யல்கரை:
டேலி பத்தி கேக்க மறந்துட்டேனுங்க. அக்கவுண்ட்ஸ்ல மூணு சிஸ்டம், டேட்டா புது சர்வர்ல இருக்குது, ஆனா எஜுகேஷனல் மோடுல (லைசன்ஸ் இல்லாத பயிற்சி மோடு) திறக்குது.

கிரீன்கேபிள்:
இது எனக்குத் தெரியும் ப்ரோ, எங்க ஆபீஸ்ல நான்தான் பண்ணேன். லைசன்ஸ் பழைய சர்வர்லதான் ஆக்டிவேட் ஆகி இருக்கு. அதை ஆன் பண்ணி அங்க லைசன்ஸை சரண்டர் பண்ணணும், அப்புறம்தான் புதுசுல ஆக்டிவேட் ஆகும். ரெண்டு சர்வருக்கும் ஒரே பேரு ஒரே ஐபி, அதனால பழசை ஆபீஸ் ஸ்விட்ச்ல மாட்டாதீங்க, எல்லாரும் வீட்டுக்குப் போனதும் புது சர்வர் கேபிளை கழட்டிட்டு, சிஸ்டம் எல்லாம் ஆஃப்ல இருக்கும்போது பழசை மட்டும் ரவுட்டர்ல நேரா போட்டு சரண்டர் பண்ணுங்க. கொஞ்ச நேரம்தான் ஓடும்னு சொன்னீங்க, ஒரு டேபிள் ஃபேனைப் பக்கத்துல வெச்சுக்கோங்க. அதுக்கப்புறம் மூணு சிஸ்டத்துலயும் லைசன்ஸ் சர்வர் எதுன்னு டேலிக்குள்ள காமிச்சா போதும்.

ரேக்சர்வர்:
அருமை கிரீன்கேபிள். தம்பி, போட்டது ஸ்டாண்டர்ட் எடிஷனா எசென்ஷியல்ஸான்னு வெண்டர்கிட்ட பில்லைப் பாருங்க. எசென்ஷியல்ஸ்னா 25 யூசர், 50 டிவைஸ் வரைக்கும் தனியா எதுவும் வாங்க வேண்டாம். ஸ்டாண்டர்ட்னா ஆளுக்கோ டிவைஸுக்கோ ஒரு சிஏஎல் (சர்வரை யூஸ் பண்ற உரிமை) லைசன்ஸ் வாங்கணும், அது பில்லுல இருக்கான்னு இப்பவே கேளுங்க. அந்த ரெண்டு லேப்டாப்பும் ஹோம் எடிஷனான்னும் பாருங்க, ஹோம் எடிஷன் டொமைன்ல சேரவே சேராது, ப்ரோவுக்கு அப்கிரேட் பண்ணணும்.

மவுண்ட்ரோடு:
16 சிஸ்டத்துக்கு டொமைன் தேவையான்னு முதலாளிகிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்களேன். ஒரு நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ்), மைக்ரோசாஃப்ட் 365 லாகின், முடிஞ்சுது.

ரேக்சர்வர்:
அடுத்த தடவை யோசிக்கலாம், தப்பில்ல. ஆனா டேலியும் டிசைன் ஃபைலும் லோக்கல்ல ஓடற ஆபீஸ், பையர் ஃபைலை யார் பார்க்கலாம் யார் பார்க்கக்கூடாதுன்னு பர்மிஷன் வேணும், பவர் கட்டுல நெட் போனாலும் வேலை நடக்கணும். இந்த மாதிரி இடத்துல ஒரு ஒழுங்கான டொமைன் இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு நான் நம்பறேன்.

நொய்யல்கரை:
டேலி ஓடுதுங்க. ரெண்டு லேப்டாப்ல ஒண்ணு ஹோம்தான், அதை அப்புறம் பாக்கறோம். ஷிப்மென்ட் டாக்குமென்ட்டும் போயிருச்சுங்க, அந்த வேலை பாக்கற மூணு சிஸ்டத்தை முதல்ல முடிச்சுட்டோம். இப்ப சிக்கல் ஒண்ணே ஒண்ணு, பெரிய ஜெராக்ஸ் மெஷின்ல இருந்து ஸ்கேன் பண்ணா சர்வர் ஃபோல்டருக்கு வரமாட்டேங்குது. வெண்டர் எஸ்எம்பி 1ஐ (நெட்வொர்க்ல ஃபோல்டர் ஷேர் பண்ற பழைய முறை) ஆன் பண்ணிடறேங்கறாரு, பண்ணலாங்களா?

ரேக்சர்வர்:
வேண்டாம், கண்டிப்பா வேண்டாம். 2017ல வானாக்ரை வைரஸ் பரவினதே அந்த ஓட்டை வழியாத்தான். புது சர்வர்ல அது இன்ஸ்டாலே ஆகாம வர்றதுக்குக் காரணம் இருக்கு. முதல்ல மெஷின்ல சேவ் ஆகியிருக்கற யூசரும் பாஸ்வேர்டும் பழைய டொமைனோடது, ஸ்கேனுக்குன்னு ஒரு தனி யூசர் கிரியேட் பண்ணி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதற உரிமை குடுத்து, அதை மெஷின்ல போட்டுப் பாருங்க. அப்பவும் வரலன்னா மெஷின் கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு எஸ்எம்பி 2 சப்போர்ட் பண்ற ஃபர்ம்வேர் இருக்கான்னு கேளுங்க. அதுவும் இல்லன்னா ஸ்கேன் டு ஈமெயில் போட்டுக்கோங்க.

நொய்யல்கரை:
தனி யூசர் போட்டதும் ஸ்கேன் வந்திருச்சுங்க அண்ணா! பழைய சர்வரை வெண்டர் எக்ஸ்சேஞ்சுல எடுத்துட்டுப் போறேங்கறாரு, குடுத்தரலாங்களா?

ரேக்சர்வர்:
பெட்டியைக் குடுங்க, உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் கழட்டி, எந்த ஸ்லாட்ல எது இருந்துச்சுன்னு மேல ஸ்டிக்கர் ஒட்டி பீரோவுல வெச்சுக்கோங்க. ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒண்ணா ஓட்டற கார்டு) தனியா இருந்தா அதையும் கழட்டி வெச்சுக்கோங்க, அது இல்லாம அந்த டிஸ்க்கைப் படிக்கறது கஷ்டம். குறைஞ்சது இந்த வருஷம் ஆடிட் முடியற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க.

நொய்யல்கரை:
சரிங்க அண்ணா, ரெய்டு கார்டு தனியாத்தான் இருக்குது, இப்பவே கழட்டச் சொல்லீட்டேன். மிச்சம் இருக்கற ஆறு சிஸ்டத்தை ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சர்றோம்.